அழகாக வாசியுங்கள், பென்

“அவ்வளவு முக்கியமான பாட்டுல நீ மட்டும் ஏன் கையைக் கட்டிக்கிட்டு நின்னே?”

வாஷிங்டனிலிருந்து வர்ஜீனியாவுக்கு வரும் பதினான்காம் தெருப் பாலத்தின் மேல் காரை ஓட்டிக்கொண்டே என் மகளிடம் இப்படிக் கேட்டேன். கேட்ட குரல் நல்ல குரல் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, கீபோர்டையும் அதன் ஸ்டாண்டையும் பின்சீட்டில் ஏற்றி, குளிரில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறோம். அவளுடைய பல்கலைக்கழக ஜாஸ் குழு அன்று மார்ட்டின் லூதர் கிங் நினைவிடத்தில் நாலு பாட்டு வாசித்தது. மூன்றிலும் நன்றாகத்தான் வாசித்தாள். நாலாவது பாட்டில், கூட்டம் முழுக்க அசையாமல் நின்று கேட்ட பாட்டில், முதல் இரண்டு வரி மட்டும் வாசித்தாள். அப்புறம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாட்டு முடியும்வரை அந்தக் கை திரும்பிப் போகவில்லை.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பாலம் முடிகிறவரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது மூன்று வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலையைச் சொல்லாமல் அவள் பதிலைச் சொன்னால் அது ஒரு சாதாரணத் தொழில்நுட்ப விளக்கம் மாதிரி இருக்கும். அது அப்படிப்பட்டது இல்லை.

ஜனவரி மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை, கிங் பிறந்தநாள் விடுமுறை. வெயில் இருந்தது, சூடு இல்லை. நினைவிடத்தை ஒட்டிய டைடல் பேசின் நீர்நிலையின் மேலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. மாணவர்கள் ஆறு பேர்: சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், பாஸ் கிட்டார், டிரம்ஸ், என் மகளுடைய கீபோர்டு. மரத்தால் ஆன பெரிய பாஸ் இந்தக் குளிரில் விரிசல் விட்டுவிடும் என்று எலெக்ட்ரிக் பாஸ் கொண்டு வந்திருந்தார்கள். கீபோர்டுக்கும் பாஸுக்கும் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையர். முந்தின ராத்திரி என் கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்து அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஊதும் வாத்தியக்காரர்கள் மூன்று பேரும் வாசிக்காத நேரத்திலும் வாத்தியத்தை வாயிலிருந்து அதிகம் எடுக்கவில்லை. சத்தம் வராதபடி மெல்ல மூச்சை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்கள். டிரம்பெட் வாசித்த பெண் இடையிடையே வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றிக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துக்கொண்டாள். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ பழக்கம், பதற்றம் என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு மனத்தடையும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் ஒருவரின் நினைவிடத்தில் ஜாஸா? 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு ரேடியோவில் நாள் முழுக்க வீணையும் சாரங்கியும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தன. சினிமாப் பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது, எங்கள் தெருவில் யாரும் உரக்கப் பேசக்கூட இல்லை. தலைவர்களுக்கான இசை என்றால் எனக்குள் பதிந்தது அதுதான்: மெதுவாக, தலைகுனிந்து, யாரும் கைதட்டாமல். ஜாஸ் என்றாலோ ஹோட்டல், விளக்கு, கோப்பை, கால் தாளம். நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்துக்கு பேண்டு வாசிப்பார்கள், அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆடிக்கொண்டு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம் ஊரிலும் பறையடித்து ஆடித்தானே அனுப்புகிறோம், எல்லாம் ஒன்றுதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “கிங் நியூ ஆர்லியன்ஸ் இல்லம்மா, அட்லாண்டா. பாப்டிஸ்ட் சர்ச்ல வளர்ந்தவர். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே” என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் வீட்டுத் துக்கத்தை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைக்க முடியாது.

முதலில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அலபாமா’. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நாலு சிறுமிகள் இறந்துபோனார்கள். 18-ஆம் தேதி அவர்களில் மூன்று பேரின் அடக்க ஆராதனையில் கிங் பேசினார். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 18-இல், கோல்ட்ரேன் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். வார்த்தை கிடையாது. அடியில் பியானோ உருண்டுகொண்டே இருக்க, மேலே சாக்ஸ் ஒரு வாக்கியம் சொல்லும், நிற்கும், அடுத்த வாக்கியம் சொல்லும். அந்த உருளலைத்தான் என் மகள் வாசித்தாள். சாக்ஸபோன் என்றால் எனக்கு அதுவரை கதிரி கோபால்நாத்தான். அவர் கையில் அது நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி குழைந்துகொண்டு வரும். இங்கே அந்தப் பையன் வாசித்தது பாடுகிற மாதிரி இல்லை, பேசுகிற மாதிரி இருந்தது. துக்க வீட்டில் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு பேசுவாரே, அப்படி. சுற்றி நின்றவர்களில் யாரோ மெல்ல “ம்ம்” கொட்டினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு இன்னும் ரேடியோ வீணை போகவில்லை.

கல்லில் விடுபட்ட சொல்

நினைவிடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாகப் பிளந்த ஒரு கல்மலை, அதன் நடுவே நுழைவழி. அந்த நடுப்பகுதியை அப்படியே உருவி முன்னால் தள்ளி வைத்தது போல ஒரு கல் தனியாக நிற்கிறது. அதில்தான் கிங் முப்பது அடி உயரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி இருக்கிறார். விரக்தியின் மலையிலிருந்து நம்பிக்கையின் ஒரு கல்லை வெட்டி எடுப்போம் என்று 1963 வாஷிங்டன் பேரணியில் அவர் பேசியதை அப்படியே கல்லாக்கியிருக்கிறார்கள். சிற்பி சீனாவைச் சேர்ந்த லெய் யிஷின். 2011-இல் திறந்தார்கள்.

அந்தக் கல்லின் ஒரு பக்கத்தில் இப்போது எழுத்து எதுவும் இல்லை. குறுக்காகக் கோடுகோடாகக் கீறல்கள் மட்டும் இருக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது அது சிற்பியின் பாணி என்று நினைத்தேன். அங்கே முன்பு ஆங்கிலத்தில் பத்துச் சொல் இருந்தது: நீதிக்கும் சமாதானத்துக்கும் நேர்மைக்கும் நான் டிரம் மேஜராக இருந்தேன். டிரம் மேஜர் என்றால் பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு நடப்பவர். நம் பள்ளிக்கூட சுதந்திர தின அணிவகுப்பிலும் ஒரு பையன் அப்படி முன்னால் வருவான். எல்லோருக்கும் அவன் மேல்தான் கண்.

கிங் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது 1968 பிப்ரவரி 4-ஆம் தேதி, அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில், கொல்லப்படுவதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு. அந்தப் பிரசங்கமே முதலாவதாக நிற்க வேண்டும், ஊர்வலத்தின் முன்னால் நடக்க வேண்டும் என்று மனிதனுக்குள் இருக்கிற ஆசையைப் பற்றியது. கடைசியில் தன் அடக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். நீளமான ஆராதனை வேண்டாம், பேச வருகிறவரிடம் ரொம்ப நேரம் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். நோபல் பரிசைச் சொல்ல வேண்டாம், எங்கே படித்தேன் என்று சொல்ல வேண்டாம். பசித்தவனுக்குச் சோறு போட முயன்றான், உடுப்பில்லாதவனுக்கு உடுப்புக் கொடுக்க முயன்றான் என்று சொல்லுங்கள். நான் டிரம் மேஜராக இருந்தேன் என்று சொல்ல விரும்பினால், நீதிக்காக இருந்தேன் என்று சொல்லுங்கள். அந்த ‘விரும்பினால்’தான் முக்கியம். நம் மொழியில் அது தனிச் சொல்கூட இல்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ‘ஆல்’. அதை வெட்டிவிட்டால், தன்னைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட மனிதர் தன்னைத்தானே பாராட்டிக்கொள்கிறவராக மாறிவிடுகிறார். கல்லில் இடம் போதாமல் வாக்கியத்தைச் சுருக்கியிருந்தார்கள். கவிஞர் மாயா ஆஞ்சலோ வெளிப்படையாகவே கோபப்பட்டார், கிங்கைத் திமிர் பிடித்தவராகக் காட்டுகிறது என்றார். முதலில் முழு வாக்கியத்தையும் திரும்பச் செதுக்குவதாகப் பேச்சு இருந்தது. கடைசியில் 2013 ஆகஸ்டில், பேரணியின் ஐம்பதாவது ஆண்டுக்கு முன்பாக, அதே சிற்பி வந்து எழுத்துகளின் மேல் கோடுகளை இழுத்து அவற்றை இல்லாமல் ஆக்கினார்.

இதை எனக்குச் சொன்னதும் மகள்தான், அன்று காலை, வாத்தியங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது. “ஒரு ‘இஃப்’ போயிடுச்சும்மா, அவ்வளவுதான்” என்றாள். நான் பாதி காதில்தான் வாங்கினேன். கையுறை போட்டுக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சு நீண்டது

இரண்டாவதாக ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘கம் சண்டே’. மூன்றாவதாக வேகமாக ஒரு ப்ளூஸ், சுற்றிலும் நின்ற சின்னப் பிள்ளைகள் குதித்தார்கள். எனக்கும் கால் ஆடியது, நிறுத்திக்கொண்டேன். 1964-இல் பெர்லினில் முதல் ஜாஸ் விழா நடந்தபோது அதன் நிகழ்ச்சி மலருக்கு கிங் ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்தார் என்பதைப் பிறகுதான் படித்தேன். ப்ளூஸ் வாழ்க்கையின் கஷ்டங்களைச் சொல்கிறது, ஆனால் மிகக் கடினமான நிஜங்களை எடுத்து இசையாக்கி, புதிய நம்பிக்கையோடு வெளியே வருகிறது, இது வெற்றியின் இசை என்று அதில் எழுதியிருக்கிறார். எங்கள் விடுதலை இயக்கத்தின் பலத்தில் பெரும்பங்கு இந்த இசையிலிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, நினைவிடத்தில் ஜாஸா என்ற என் கேள்விக்கு அவர் பெயரிலேயே எழுதப்பட்ட பதில் நாற்பத்தேழு வருடம் முன்பே இருந்திருக்கிறது, அந்த நினைவிடம் கட்டப்படுவதற்கு முன்பே.

மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவில் மலர்வளையம் வைத்தார்கள், பிறகு ஒருவர் பேசினார். நல்ல மனிதர், நல்ல விஷயங்கள்தான். ஆனால் நிறுத்தவில்லை. மாணவர்கள் ஆறு பேரும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் பேசும்போது வாத்தியத்துக்குள் ஊதிக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று சாக்ஸ் பையன் அதைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டான். பித்தளை குளிர்ந்துகொண்டே போனது. ரொம்ப நேரம் பேச வேண்டாம் என்று கிங் கேட்டுக்கொண்டது எனக்கு இப்போது நினைத்தால் வெறும் அடக்கமாகத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள்மேல் இருந்த அக்கறையாகத் தோன்றுகிறது.

பேச்சு முடிந்தது. சாக்ஸ் பையன் ஒரு அடி முன்னால் வந்தான். பால்டிமோர்க்காரன், ஒல்லியாக, காதை மூடும் தொப்பி போட்டிருந்தான். பேசிப் பழக்கமில்லாதவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு மூன்று வாக்கியம் சொன்னான். டாக்டர் கிங் கடைசியாகப் பேசியது ஒரு சாக்ஸபோன் கலைஞரிடம். அவரிடம் ஒரு பாட்டு கேட்டார். அதை வாசிக்கப் போகிறோம்.

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் தெரியாது. கனவு பற்றிய பேச்சு தெரியும், மலை உச்சி பற்றிய பேச்சு தெரியும். இது தெரியாது.

1968 ஏப்ரல் 4, மெம்பிஸ், மாலை ஆறு மணி. குப்பை அள்ளும் தொழிலாளர்கள் 1,300 பேர் பிப்ரவரியிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். மழைக்கு லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்களை அந்த லாரியின் நசுக்கும் இயந்திரமே கொன்றுவிட்டது, அதிலிருந்துதான் கொந்தளிப்பு. அவர்களுக்காக கிங் வந்து லொரெய்ன் மோட்டலில் தங்கியிருந்தார். இரவு விருந்துக்கும் அதன் பிறகு கூட்டத்துக்கும் கிளம்ப 306-ஆம் அறைக்கு வெளியே பால்கனியில் வந்து நின்றார். கீழே வாசலில் இயக்கத் தோழர் ஜெஸ்ஸி ஜாக்சன், பக்கத்தில் சாக்ஸபோன் கலைஞர் பென் பிராஞ்ச். பிராஞ்ச் மெம்பிஸில் பிறந்தவர், சிகாகோவில் ‘ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட்’ இயக்கத்தின் இசைக்குழுவை நடத்தியவர், அன்றிரவுக் கூட்டத்தில் வாசிக்க வந்திருந்தார். கிங் கம்பியில் சாய்ந்து அவரைக் கூப்பிட்டு, ‘டேக் மை ஹாண்ட், பிரெஷியஸ் லார்ட்’ பாட்டை இன்றைக்குக் கட்டாயம் வாசியுங்கள் பென், நல்ல அழகாக வாசியுங்கள் என்றார். குளிர ஆரம்பித்துவிட்டது, மேல்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கார் ஓட்டுநர் கீழேயிருந்து சொன்னார். ஆறு மணி ஒரு நிமிடத்துக்குத் துப்பாக்கிச் சத்தம்.

அந்தப் பாட்டும் துக்கத்திலிருந்து வந்ததுதான். எழுதியவர் தாமஸ் டார்சி, ஒரு காலத்தில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்தவர். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தபோது, சிகாகோவில் பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொள் ஆண்டவரே, நான் களைத்துப்போனேன் என்று அந்த மனிதர் எழுதியது கிங்குக்குப் பிடித்த பாட்டானது. கிங் கொல்லப்பட்டு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9-ஆம் தேதி, அவர் படித்த மோர்ஹவுஸ் கல்லூரி வளாகத்தில் அவருக்காக பாடகி மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். அன்று காலை எபனேசர் தேவாலயத்தில், பிப்ரவரியில் பதிவான அந்த டிரம் மேஜர் பிரசங்கத்தை ஒலிநாடாவில் போட்டார்கள். தன் அடக்கத்தில் அவரே பேசினார். ‘விரும்பினால்’ அதில் முழுசாக இருந்தது.

நாலாவது பாட்டு

என் மகள்தான் ஆரம்பித்தாள். தேவாலயத்தில் ஆர்கன் ஆரம்பிக்குமே அதுபோல மெதுவாக இரண்டு வரி. மூன்றாவது வரியில் சாக்ஸ் வந்து சேர்ந்தது. சேர்ந்த அந்த நொடியில் ஏதோ உரசியது. எனக்குச் சங்கீதம் முறையாகத் தெரியாது, சின்ன வயதில் அப்பாவோடு கோயில் கச்சேரிகளில் உட்கார்ந்த காதுதான். ஆனாலும் உரசியது கேட்டது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் வாசித்துக்கொண்டே மவுத்பீஸை உள்ளே தள்ளப் பார்த்தான், ஏற்கெனவே முழுக்க உள்ளேதான் இருந்தது. அடுத்த தாளத்துக்குள் அவள் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். அதிர்ந்துபோய் எடுத்தது போலவும் இல்லை. அடுப்பிலிருந்து பாலை இறக்குவது போல, நேரம் தெரிந்து, நிதானமாக எடுத்தாள். கைகளை அக்குளில் கொடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

அதன் பிறகு சாக்ஸ் மட்டும்தான். டிரம்ஸ் பையன் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷால் தோலைத் தடவிக்கொண்டிருந்தான். பாஸ் வாசித்த பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு காதை வாத்தியத்தோடு ஒட்டிவைத்து, தந்திகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் இறக்கினாள், பிறகு அவனோடு சேர்ந்துகொண்டாள். அவன் அலங்காரம் ஒன்றும் பண்ணவில்லை. முதல் மூன்று பாட்டிலும் அவன் மனோதர்மத்தைப் பார்த்திருந்தேன், விரல் பறந்தது. இதில் மெட்டை விட்டு விலகவே இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு விட நிறுத்தினான், அந்த நிறுத்தத்தில் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்றுச் சத்தம் வந்தது. முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒரு முதிய கருப்பினப் பெண்மணி தடியை ஊன்றிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், எதுவும் பேசவில்லை. அப்போது நான் அழுதுகொண்டிருந்தேன், அதே சமயம் என் பெண் மேல் கோபமாகவும் இருந்தேன். இப்படி ஒரு தருணத்தில் இவள் இல்லாமல் போய்விட்டாளே என்று.

பாலத்தின் மறுமுனையில் அவள் சொன்னது இதுதான்.

“அவனோட ஹார்ன் குளிர்ல இறங்கிப்போச்சும்மா. இதுக்கு மேல ஏத்த முடியாது. பாஸை இறக்கிக்கலாம், டிரம்ஸுக்குப் பிரச்சினையே இல்ல. என் கீபோர்டு இறங்காது, அது பேட்டரில ஓடுது, அதுக்குக் குளிரே தெரியாது. செட்டிங்ல போய் மாத்தலாம், ஆனா நடுவுல நின்னு பட்டனைத் தேட முடியுமா? நான் வாசிச்சா நான் சரியாவும் அவன் தப்பாவும் கேட்கும். அவன் தப்பா வாசிக்கல.”

கொஞ்ச தூரம் போன பிறகு, “அழகா வாசின்னுதானேம்மா அவர் கேட்டார்” என்றாள்.

நான் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுருதிப் பெட்டியோடு பாடகர் சேரவில்லை என்றால் பாடகரைத்தான் திருத்துவார்கள், எனக்குத் தெரிந்த உலகம் அது. பாடுகிறவர் குளிரில் நிற்கிறார் என்பதற்காகப் பெட்டியை அணைத்துவிடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. கல்லில் ஒரு சொல்லை எடுத்ததும் ஒரு மனிதர் மாறிப்போனார் என்று காலையில் வருத்தமாகச் சொன்ன அதே பெண், மத்தியானத்துக்குள் தன்னையே ஒரு பாட்டிலிருந்து எடுத்துவிட்டாள். அந்தப் பாட்டு முழுசாக நின்றது. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரிடம் கேட்டுவிட்டு எடுத்தார்கள், யாருக்காக எடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள், கல்லில் இருப்பதை எல்லோரும் பார்த்தார்கள், அவள் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர, நானும் தப்பாகத்தான் பார்த்தேன் என்று தோன்றும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கிங் எழுதியவற்றைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1959 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவரும் மனைவி கொரெட்டாவும் இந்தியாவைச் சுற்றினார்கள். கொரெட்டா பாஸ்டன் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் முறையாகச் சங்கீதம் படித்தவர். இந்திய ஜனங்களுக்குக் கருப்பின மக்களின் பக்திப் பாடல்கள் மேல் ஆசை, அதனால் நான் எவ்வளவு பேசினேனோ அவ்வளவு கொரெட்டா பாட வேண்டியதாயிற்று என்று திரும்பி வந்து எழுதியிருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வந்து பாறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்குவதையும் இன்னொரு பக்கம் நிலா ஏறுவதையும் பார்த்ததைப் பிறகு ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர். சின்ன வயதில் நாங்கள் சித்ரா பௌர்ணமிக்கு அதைப் பார்க்கத்தான் பஸ் ஏறிப் போவோம். அவருடைய அம்மாவும் வாத்தியக்காரர் என்பதை அன்றுதான் அறிந்தேன். எபனேசர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் ஆல்பர்ட்டா கிங். மகன் போன ஆறு வருடம் கழித்து, 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில், அந்த ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்துபோய் மகள் அறை வாசலில் நின்றேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தோசை வார்க்கும்போது கன்னியாகுமரி விஷயத்தைச் சொன்னேன். “நம்ம ஊருக்கா? நிஜமாவா?” என்று நிமிர்ந்தாள். நேற்று கேட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். இன்னொரு தோசை போட்டேன். பரவாயில்லை விடும்மா என்று அவளே சொன்னாள்.

போன மாதம் போனில் இடம் போதவில்லை என்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த நாலாவது பாட்டு வந்தது. நான்தான் எடுத்திருக்கிறேன். அம்மாக்கள் எடுக்கிற வீடியோ, முதலிலிருந்து கடைசிவரை என் பெண் மட்டும்தான் இருக்கிறாள். சாக்ஸ் பையன் சட்டத்துக்கு வெளியே எங்கேயோ வாசிக்கிறான், அவன் பக்கம் நான் கேமராவைத் திருப்பவே இல்லை. பின்னால் மங்கலாகக் கல்லில் கைகட்டி நிற்கிறார் கிங், முன்னால் அக்குளில் கை வைத்து நிற்கிறாள் இவள். விரல் நுனி வெட்டிய என் கையுறை தெரிகிறது. அன்றைக்கு இதைத்தான் சும்மா நிற்கிறாள் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டிவைத்து இரண்டாவது தடவை பார்த்தபோது கவனித்தேன். அவள் வாயருகே வெள்ளையாக மூச்சு வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. சாக்ஸ் ஒரு வரி வாசிக்கும்போது நீளமாக ஒரு புகை, அவன் நிறுத்தும்போது இவளுக்கும் நிற்கிறது. உதடு அசைகிறது. சத்தமே இல்லாமல் ஒவ்வொரு வரியையும் அவனோடு சேர்ந்து பாடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.